44 வயதில் மாறுகண் ஆப்பரேஷன்: பினாங்கில் எனக்கு நடந்தது

பினாங்குத் தீவில், லெபோ பாசார் தெருவில் ஒரு புடவைக் கடையில் கவுண்டர் வேலை பார்க்கிறேன், வீடு கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில். சின்ன வயதிலிருந்தே என் இடது கண் வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். பள்ளியில் "ஒன்றரைக் கண்" என்று கூப்பிட்டார்கள். வீட்டில் மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், ஆனாலும் அதை நம்பிக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். கடையில் ஒருவரைப் பார்த்து "இந்த பார்டர் பிடிச்சிருக்கா அக்கா?" என்று கேட்டால் அவர் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். தினமும் நாலைந்து தடவை இது நடக்கும். அதனாலேயே ஆளைப் பார்க்காமல் புடவையைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டேன்.

பெரியவர்களுக்கும் இந்த ஆப்பரேஷன் செய்யலாம் என்று எனக்கு முதலில் சொன்னது கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பவர் பார்த்த பெண். குழந்தையாக இருக்கும்போது செய்யாவிட்டால் அவ்வளவுதான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வயது ஒரு தடை இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: சின்ன வயதிலேயே ஒரு கண்ணின் பார்வை மங்கி "சோம்பேறிக் கண்" ஆகியிருந்தால் ஆப்பரேஷன் அந்தப் பார்வையைத் திருப்பித் தராது. கண்ணாடி பவரும் குறையாது. கண் நிற்கிற கோணத்தைத்தான் சரிசெய்கிறார்கள்.

அரசாங்க மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும். கடையில் லீவு கிடைக்கிற தேதியைப் பார்த்து நான் தீவில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. முதல் நாள் பரிசோதனை மட்டும் ஒன்றரை மணி நேரம். ஒரு கண்ணை மூடித் திறந்து, மற்றதை மூடித் திறந்து, நடுவில் பிரிசம் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாற்றி வைத்து அளந்தார்கள். தூரத்துக்கு ஒரு அளவு, கிட்டத்துக்கு ஒரு அளவு, மேலே கீழே பக்கவாட்டில் பார்க்கச் சொல்லி வேறு அளவுகள். எனக்கு 35 பிரிசம் டயாப்டர் (கண் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு) வந்தது. அப்புறம் பிரிசத்தாலேயே கண்ணை நேராக்கியதுபோல் வைத்து, "இப்ப இரண்டா தெரியுதா?" என்று கேட்டார்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகு இரட்டைப் பார்வை நீடிக்குமா என்று ஓரளவு முன்கூட்டியே பார்க்கத்தான் இந்தச் சோதனை. உங்களுக்கு இதைச் செய்யவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்று எங்கள் பெரியம்மா பயமுறுத்தியிருந்தார். அப்படி எதுவும் கிடையாது. தோலில்கூட வெட்டு இல்லை. ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் இருக்கின்றன. வெள்ளை விழியின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வைத் திறந்து, வெளிப்பக்கத் தசையைப் பின்னால் நகர்த்தித் தைத்தார்கள், மூக்குப் பக்கத் தசையைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கித் தைத்தார்கள். முழு மயக்கம், ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. எழுந்ததும் கண் வலியைவிடக் குமட்டல்தான் அதிகம், இந்த ஆப்பரேஷனில் அது சகஜம் என்றார் நர்ஸ். காலையில் போனவள் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்குப் போட்டது அட்ஜஸ்ட் செய்யக்கூடிய தையல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் என் பெரிய பயம். மதியம் நன்றாக விழித்த பிறகு உட்கார வைத்து, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, சுவரில் ஒரு எழுத்தைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் மறுபடி பிரிசம் வைத்து அளந்துவிட்டு, தொங்கவிட்டிருந்த நூலைச் சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்தார். குத்துகிற வலி இல்லை. கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ மெதுவாக இழுப்பதுபோல் ஒரு அழுத்தம், தலை லேசாகக் கிறுகிறுத்தது. என் கண்முன்னே அந்த "E" எழுத்து இரண்டாக இருந்து, நெருங்கி, கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று வந்து நின்றது. "இங்க நிறுத்தறேன்" என்று முடிச்சுப் போட்டார். ஐந்து நிமிட வேலை. அந்த டாக்டரின் கைக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

முதல் வாரம் கண்ணைப் பார்த்தால் செம்பருத்திப் பூதான். முதல் நாள் கண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது, பயப்பட வேண்டாம். தையல் கரையும் வரை மணல் விழுந்ததுபோல் உறுத்தும். சிவப்பு முழுதாகப் போக எனக்கு இரண்டு மாதம் ஆனது. சொட்டு மருந்து நேரம் தவறாமல் விட்டேன், தலைக்குக் குளிக்கையில் தண்ணீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன், பத்து பிரிங்கி கடல் பக்கம் ஒரு மாதம் போகவில்லை.

இரட்டைப் பார்வைதான் என்னை உலுக்கியது. வெளிப்பக்கம் ஒதுங்குகிற கண்ணைப் பல டாக்டர்கள் வேண்டுமென்றே ஒரு துளி உள்பக்கமாகத் திருப்பி வைப்பார்களாம், நாளாக ஆகக் கொஞ்சம் வெளியே நகரும் என்பதால். அதனால் முதல் சில நாட்களோ வாரங்களோ இரண்டாகத் தெரிவது எதிர்பார்த்ததுதான். இதை எனக்கு யாரும் முன்கூட்டி விளக்கவில்லை, கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். ஏழாம் நாள் பரிசோதனைக்கு ஃபெர்ரியில் போனபோது எனக்கு இரண்டு நடைபாதை, இரண்டு கைப்பிடிக் கம்பி. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டில் தே ஓ (பால் இல்லாத டீ) ஊற்றினால் பாதி மேசையில் கொட்டியது. பதினெட்டாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. முன்னாலேயே உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பதினெட்டு நாள் பயந்து சாக வேண்டியிருக்காது. இது அந்த மருத்துவமனையின் பெரிய குறை, அவர்களிடமும் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்று பில். முதலில் சொன்ன தொகையில் மயக்க டாக்டரின் கட்டணம் சேரவில்லை, டிஸ்சார்ஜ் கவுண்டரில்தான் தெரிந்தது. இன்சூரன்ஸ் மருத்துவ அட்டையும் உதவவில்லை, பிறவியிலேயே இருந்த குறை என்று தள்ளிவிட்டார்கள். ஆப்பரேஷன் தேதி வாங்குவதற்கு முன்பே இன்சூரன்ஸிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இதை அழகு சிகிச்சை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இடம் மாறி நிற்கிற ஒரு உறுப்பை அதன் இடத்தில் வைப்பது அழகு சிகிச்சை ஆகாது. எம்.சி. (மருத்துவ விடுப்பு) இரண்டு வாரம் கொடுத்தார்கள், எனக்கு மூன்று தேவைப்பட்டது. இரண்டாகத் தெரிகிற வரை வண்டி ஓட்டவே கூடாது.

சிலருக்குப் பிற்காலத்தில் கண் மறுபடி ஒதுங்கி இரண்டாவது ஆப்பரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு ஆப்பரேஷன் முடிந்து இப்போது எட்டு மாதம். களைப்பாக இருந்தால் இடது கண் ஒரு நூல் அளவு விலகும், எனக்குத்தான் தெரியும். போன தீபாவளி கூட்டத்தில் ஒரு அம்மாவிடம் "உங்களுக்கு அந்த மயில் கழுத்து நிறம் எடுப்பா இருக்கும்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தே, "எவ்வளவும்மா?" என்று கேட்டார்.