ஆன்லைன் கவுன்சலிங்: சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டே பாத்த அனுபவம்

நம்ம மலேசியாவுல, பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது தெரியும். ஒருத்தர் மனசு சரியில்லன்னு வாயெடுத்தா போதும், தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணுமான்னு கேட்டுருவாங்க. 1911ல தொறந்த மனநல ஆஸ்பத்திரி அது, இப்ப ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. எத்தனையோ குடும்பத்துக்கு அங்க நல்ல வைத்தியம் கெடச்சிருக்கு, ஆனா அந்த ஊரு பேரையே நாம வசவா ஆக்கி வெச்சிருக்கோம். எனக்கு இதுல ரொம்ப வருத்தம். அந்தப் பயத்துலயே வருஷக்கணக்கா வாய மூடிக்கிட்டு இருக்கற ஆளுங்க எனக்குத் தெரிஞ்சே நெறைய பேரு.

அதனாலதான் இத எழுதறேன். கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கற ஒரு சின்ன கவுன்சலிங் சென்டர்ல வீடியோ கால் வழியா நானும் பாத்தேன், என் தங்கச்சி மவனும் பாத்தான். சின்ன எடம், ரெண்டு மூனு பேருதான் பாக்கறாங்க, அதனால பேரு போடல. எப்படித் தேடறதுன்னு கீழ சொல்றேன், அது போதும்.

எனக்கு அம்மா தவறுனதுக்கு அப்புறம் தூக்கமே போச்சு. கருமக்கிரியை வரைக்கும் வீடு நெறைய ஆளுங்க, அது முடிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க வேலைய பாக்கப் போயிட்டாங்க, நான் மட்டும் நடுராத்திரியில எந்திரிச்சு அடுப்படியில உக்காந்திருப்பேன். இத நான் தமிழ்ல சொன்னேன், என்னைப் பாத்த கவுன்சிலரம்மா கருமக்கிரியைன்னா என்னான்னு கேக்கல. "அன்னிக்கு சாயந்திரம் எல்லாரும் கெளம்புனப்புறம் வீட்ல யாரு இருந்தா?"ன்னுதான் கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கு நான் அரை மணி நேரம் பேசிருப்பேன், அழுதும் இருப்பேன், அவங்க அவசரப்படுத்தவே இல்ல. தமிழ் தெரிஞ்ச கவுன்சிலர்தான் வேணும்னு கேட்டு வாங்குங்கன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இதுதான். மலாய், இங்கிலீஷ் நமக்கு நல்லாவே வரும், பேங்குல பேசலாம், ஆபீஸ்ல பேசலாம், ஆனா செத்துப்போன அம்மாவ பத்தி பேச வராது.

தங்கச்சி மவன் கதை வேற. இடைநிலைப் பள்ளியில பாரம் நாலு படிக்கறான், பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு ரூம்ப பூட்டிக்கிட்டு கெடந்தான். என் கவுன்சிலர்ட்டயே அவனையும் பாருங்கன்னு கேட்டேன், அவங்க ஒத்துக்கல. "அவரு உங்கள பத்தியும் பேச வேண்டி வரலாம் இல்லையா, அப்ப எங்கிட்ட ஃப்ரீயா பேச முடியாது"ன்னு சொல்லி அங்கயே வேற ஒருத்தர்ட்ட மாத்தி விட்டாங்க. இந்த மாதிரி காச விட ஒழுங்க பாக்கற எடம்னு தெரிஞ்சதும் எனக்கு பெரிய நிம்மதி. 18 வயசு ஆகலங்கறதால தங்கச்சி ஒரு ஃபாரத்துல கையெழுத்து போட்டா. பையன் பேசறது எதையும் உங்ககிட்ட சொல்ல மாட்டோம், உயிருக்கு ஆபத்துன்னு தோணுனா மட்டும் சொல்லுவோம்னு ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. தங்கச்சிக்கு மொதல்ல கோவந்தான், பெத்தவளுக்கு தெரியக்கூடாதான்னு, ஆனா அந்த வார்த்தைய கேட்டப்புறந்தான் அவன் சரின்னான்.

ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கறப்ப அந்த கவுன்சிலர் என்ன செய்வாருன்னு அவனே சொன்னான். இப்ப எங்க இருக்க, லைன் அறுந்துபோச்சுன்னா எந்த நம்பருக்கு கூப்புடணும், பக்கத்துல யாராச்சும் கேக்கறாங்களா. யாராச்சும் ரூமுக்குள்ள வந்துட்டா சேட்ல ஒரு புள்ளி மட்டும் போடு, நான் பேச்ச மாத்திடறேன்னு சொல்லி வெச்சிருந்தாராம். கேமரா தொறக்க மாட்டேன்னான், பரவால்லன்னுட்டாரு. மொத நாளு பூரா மொபைல் லெஜெண்ட்ஸ் கேம் பத்தியே பேசிருக்காங்க, இதுக்கா காசு குடுத்தோம்னு தங்கச்சி என்கிட்ட பொரிஞ்சு தள்ளுனா. ஆனா அவனே அடுத்த வாரம் எத்தன மணிக்குன்னு கேட்டான் பாருங்க. மெல்ல மெல்ல தூங்கற நேரத்த எழுதி வெக்கறது, வாரத்துல ஒரு நாளாச்சும் பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் போய்ட்டு வர்றதுன்னு சின்னச் சின்னதா குடுத்தாங்க. இப்ப பள்ளிக்கூடம் போறான். எல்லா நாளும்னு சொல்ல முடியாது, ஆனா போறான்.

வீடுதான் இதுல பெரிய தலவலி. நம்ம தாமான் குடியிருப்பு வீட்ல செவுரு எங்க இருக்கு, பாட்டி ஹால்ல சீரியல் பாத்தா ரூம்புல டயலாக் கேக்குது, அப்பறம் எப்படி ஒருத்தன் மனசத் தொறந்து பேசுவான்? தங்கச்சி மவன் என் மைவி காருக்குள்ள உக்காந்து ஹெட்செட் மாட்டிக்கிட்டுதான் பேசறான், கோயில் தெடல் ஓரமா நெழல்ல நிறுத்தி கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வெச்சுக்குவோம், நான் தள்ளி நின்னுக்குவேன். செம்பனை தோட்டத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு லைன் இழுக்கும், வீடியோ நின்னு நின்னு வரும். அப்ப சாதாரண போன் காலுக்கு மாத்திப்பீங்களான்னு புக் பண்றப்பவே கேட்டு வெச்சிக்குங்க. நல்ல எடமா இருந்தா மாத்துவாங்க. இன்னொரு பக்கம் பாத்தா, ஈப்போவுல ஒரு கிளினிக் வாசல்ல நம்ம காரப் பாத்துட்டு நாலு பேரு நாலு விதமா பேசறது இதுல கெடையவே கெடையாது. சின்ன ஊர்ல அது எவ்வளோ பெரிய விஷயம்னு இங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

காசு கொஞ்சம் கடிக்குதுதான். தனியார்ல ஒரு தடவைக்கு 100 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல சுலபமா போயிடும், தோட்டத்து சம்பளத்துல வாரா வாரம் முடியாது. நாங்க ரெண்டு வாரத்துக்கு ஒருக்கான்னு கேட்டு வாங்கிக்கிட்டோம். அதுவும் முடியலன்னா அரசாங்க சுகாதார கிளினிக், அதான் கிளினிக் கெசிஹாத்தானுக்கு போங்க, குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், கேள்வித்தாள் குடுத்து மன அழுத்தம் இருக்கான்னு அங்கயே பாப்பாங்க, தேவைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க.

இதுக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டு ஆப்ல பணம் கட்டுனேன், அதையும் சொல்லியாகணும். வெறும் சேட்டுதான், காலைல எழுதுனா ராத்திரி பதில் வரும், அதுவும் யாருக்கு வேணாலும் அனுப்பலாம் போல இருக்கும். மாமியாரோட ஒரே வீட்ல இருக்கேன்னு சொன்னதுக்கு தனியா போறத யோசிச்சீங்களான்னு கேட்டாங்க. நிறுத்துனப்புறமும் கார்டுல மாசக் காசு புடிச்சாங்க, அத நிறுத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி இத பாருங்க. 1998ல வந்த கவுன்சிலர் சட்டம், ஆக்டா 580ன்னு சொல்லுவாங்க, அதுபடி லெம்பாகா கவுன்சிலர்ல (கவுன்சிலர் வாரியத்துல) பதிஞ்சவங்கதான் இந்த நாட்ல கவுன்சிலர்னு பேரு போட்டு தொழில் பண்ணலாம். பேருக்குப் பின்னாடி KB (பதிஞ்ச கவுன்சிலர்), PA (தொழில் பண்ற சான்று)ன்னு போட்டு நம்பர் இருக்கும், கூச்சப்படாம நம்பர கேளுங்க. ஃபேஸ்புக்ல லைஃப் கோச்சுன்னு போட்டுக்கிட்டு ரெண்டு நாள் கோர்ஸ் படிச்சிட்டு வர்றவங்ககிட்ட புள்ளைங்கள விட்றாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். இன்னொன்னு, கவுன்சிலர் மருந்து எழுத முடியாது. ரொம்ப நாளா சாப்பாடு எறங்கல, யாரோ பேசற மாதிரி காதுல கேக்குதுன்னா டாக்டர்ட்டதான் போகணும், என் கவுன்சிலரே மொத நாளு இத சொல்லிட்டாங்க.

செத்துடலாம்னு நெனப்பு வர்றவங்க அப்பாயின்மெண்ட்டுக்கு காத்திருக்கவே கூடாது. பிஃப்ரெண்டர்ஸ்ங்கற உதவி லைன் 03-7627 2929, ராத்திரி பகல் எப்ப வேணாலும் எடுப்பாங்க. சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555, 2022ல ஆரம்பிச்சது. உயிருக்கே அவசரம்னா 999. போலீஸ் கேஸ் ஆயிடும்னு இன்னமும் பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கிட்டு போகாத குடும்பம் இருக்கு. தற்கொல முயற்சிய குத்தமா பாத்த தண்டனைச் சட்டத்து 309வது பிரிவ 2023லயே நீக்கிட்டாங்க, பயப்படாம கூட்டிக்கிட்டு போங்க. 2022ல அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வுல நாலு டீனேஜ் புள்ளைங்கள்ல ஒருத்தருக்கு மனச்சோர்வு (டிப்ரெஷன்)னு வந்துச்சு, அந்தக் கணக்குல நம்ம லைன் வீடுங்கள்லயே எத்தன புள்ளைங்கன்னு யோசிச்சு பாருங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். ஒன்னு கொறச்சது நேரத்துக்காக. தமிழ் பேசற ஆளுங்க கம்மி, சாயந்திர ஸ்லாட்டு எல்லாம் சீக்கிரமே முடிஞ்சிடுது, ஷிப்ட் வேல செய்யறவங்களுக்கு கஷ்டம். ஞாயித்துக்கெழம காலைல போட்டுக் கேளுங்க, எங்களுக்கு அதுதான் கெடச்சுது, எஸ்பிஎம் பரீட்சை நெருங்கறப்ப அதுவும் கெடைக்காது, இப்பவே போட்டு வெச்சிருங்க.