ஸ்பிளிட் ஏசி காப்பர் பைப்: 0.8 மி.மீ. கனம்தான் சரி

ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிக்குப் போடும் கால் இஞ்ச், அரை இஞ்ச் காப்பர் காயில் (சுருளாக வரும் பைப்) இது. சுவர் கனம் 0.8 மி.மீ. அரை இஞ்ச் பைப் மீட்டருக்குச் சுமார் 270 கிராம் நிற்கும், 0.5 மி.மீ. சரக்கு என்றால் 170 கிராம்தான். வாங்கும்போதே தராசில் வைத்துப் பாருங்கள், எடை பொய் சொல்லாது.

மெல்லிய பைப்பை ஃப்ளேர் செய்தால், அதாவது நட்டில் இணைக்க வாயைப் புனல்போல விரித்தால், விளிம்பு விரியும்போதே கீறல் விடும். ஏசியைக் குளிர்விக்கும் ஆர்32 கேஸின் அழுத்தத்துக்கு அங்கேதான் கசிவு ஆரம்பிக்கும். இந்தக் காயில் பதமாக விரிகிறது, பைப் வளைக்கும் ஸ்பிரிங் போட்டு வளைத்தால் நசுங்குவதில்லை. ஹேக்ஸா பிளேடு வேண்டவே வேண்டாம். டியூப் கட்டரால் வெட்டி, வாயைக் கீழே பார்க்கப் பிடித்துப் பிசிறு எடுங்கள்; தூள் உள்ளே போனால் கம்ப்ரசருக்குக் கேடு.

குறை: முனை மூடிகள் லூஸாக இருக்கின்றன. மாட்டும்வரை டேப் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் ஈரம் ஏறிவிடும்.