கயாக்கில் கால் பம்ப் பொருத்தக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஸ்காட்லாந்து மேற்குக் கரையில் கயாக் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் என் ஃபைபர் கயாக்கில் கால் பம்ப் பொருத்த ஒரு கடையில் கொடுத்தேன், பம்ப் விலை போகக் கூலி மட்டும் 140 பவுண்டு. கவிழ்ந்து மறுபடி ஏறிய பிறகு இரண்டு கையும் துடுப்பில் இருக்க வேண்டும், மடியை மூடியிருக்கும் ஸ்ப்ரே டெக்கைத் திறக்கவும் கூடாது. அப்போது காலால் மிதித்தே தண்ணீரை வெளியேற்றலாம் என்றுதான் இந்தச் செலவு.

பம்ப் உட்காருவது பாதத்துக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரில். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் புகாத அறை. காக்பிட், அதாவது நாம் உட்காரும் குழி, நிரம்பினாலும் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். அந்தச் சுவரில்தான் துளை போடுகிறார்கள். "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, நேராகக் கடலுக்குப் போகலாம்" என்றார் கடைக்காரர், நானும் நம்பிவிட்டேன்.

ஓபன் என்ற கரையோர ஊரிலிருந்து கெரேரா தீவைச் சுற்றப் போனோம். தெற்கு முனையில் கவிழ்ந்தேன், நண்பர் ஏற்றிவிட்டார். மிதித்தேன். நாலைந்து மிதிக்குத் தண்ணீர் வந்தது, அப்புறம் மிதித்தும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் படகின் மூக்கு தாழ ஆரம்பித்தது, எவ்வளவு துடுப்புப் போட்டாலும் திரும்ப மறுக்கிறது. நண்பர் கட்டி இழுத்துத்தான் கரை சேர்த்தார். முன் அறையைத் திறந்தால் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், தூங்கும் பை ஊறிக் கிடக்கிறது.

வீட்டில் கழற்றிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நான்கு போல்ட்டில் இரண்டுக்குக் குளியலறைக்குப் பூசும் வெள்ளை சிலிக்கான், நகத்தால் இழுத்தால் நாடா மாதிரி உரிகிறது. மற்ற இரண்டுக்கு ஒன்றுமே இல்லை. பின்னால் பலகை வைக்காமல் சின்ன வாஷர் போட்டதால், கால் அழுத்தத்தில் துளையைச் சுற்றிக் கீறல் விட்டிருக்கிறது. உறிஞ்சும் குழாயோ மெல்லிய பிளாஸ்டிக், இழுத்த இழுப்பில் சப்பென்று ஒட்டிக்கொள்கிறது. உள்ளே சுருள் கம்பி வைத்த குழாய்தான் போட்டிருக்க வேண்டும்.

கேட்டதற்கு, நான் பாறையில் மோதியிருப்பேன் என்கிறார்கள். பணமும் திருப்பித் தரவில்லை.

தயவுசெய்து கடை வாசலிலேயே காக்பிட்டில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, போல்ட் முழுகும்படி மூக்கைத் தாழ்த்தி அரை மணி நேரம் வையுங்கள். முன் அறைக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அப்புறம் கடைசிச் சொட்டு வரை மிதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.