சாம்பிள் எடுப்பதா, திரும்ப வாசித்துப் பதிவதா?

அமெரிக்காவில் ஹிப்-ஹாப் பாட்டை விற்பனைக்கு விடுபவர்கள் பழைய பாட்டின் ஒரு துண்டில் மனம் வைத்தால், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும்: பழைய ஒலிப்பதிவிலிருந்தே துண்டை வெட்டி எடுப்பது (சாம்பிள்), அல்லது அதே இசையைப் புதிதாக வாசித்துப் பதிவது (வாசிப்பு).

அனுமதி
சாம்பிள்: இரண்டு வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஒன்று, பெரும்பாலும் இசை நிறுவனத்திடம். இயற்றிய பாட்டுக்கு இன்னொன்று, அதன் உரிமையைக் கவனிக்கும் பதிப்பாளரிடம். ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது.
வாசிப்பு: பதிப்பாளர் போதும். அதையும் விட்டால் சிக்கல்: 1979-இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ஹிப்-ஹாப் பாட்டு ஷிக் என்ற இசைக்குழுவின் இசையைத் திரும்ப வாசித்தது, பிறகு அந்த இசையை இயற்றிய நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பெயர்களைச் சேர்க்க வேண்டிவந்தது.

செலவு
சாம்பிள்: இரு தரப்புக்கும் முன்பணம், வருமானத்தில் பங்கு. கேட்காமல் எடுத்தால் இன்னும் மோசம். 1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் ஆல்பத்தின் விற்பனையையே நீதிமன்றம் நிறுத்தியது.
வாசிப்பு: பதிப்பாளர் பங்கோடு ஸ்டூடியோ வாடகை, வாத்தியக் கலைஞர்களின் சம்பளம்.

ஒலி
சாம்பிள்: பழைய நாடாவின் இரைச்சல், அறையின் எதிரொலி, எல்லாம் அப்படியே வரும்.
வாசிப்பு: பேஸ், கீபோர்டு ஒலி பழையது போலவே பிடிபட்டுவிடும். டிரம்ஸ் அரிதாகவே பிடிபடும்.

வாசித்தவருக்கு என்ன கிடைக்கும்?
இரண்டிலுமே அநியாயம்தான். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டின் டிரம்ஸ் தாளத்தை அடித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். எண்ணற்ற பாட்டுகள் அதை வெட்டி எடுத்தன. ஆனால் பாட்டு ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால் சாம்பிள் ராயல்டி ஸ்டபிள்ஃபீல்டைச் சேரவில்லை. அனுமதி வாங்கியவர்களும் டிரம்மர் பெயரை உறையில் போட்டு, தனியாகப் பணம் அனுப்பலாம்; சட்டம் தடுக்காது.

மெட்டோ பேஸோ மட்டும் வேண்டுமென்றால் வாசியுங்கள். டிரம்ஸ்தான் பாட்டின் உயிர் என்றால் சாம்பிள். ஆனால் இரு அனுமதியும் எழுத்தில் வந்த பிறகே வெளியீட்டுத் தேதியை அறிவியுங்கள்.