இடப்பக்க இருக்கைக்குத் திரும்புதல்: தேவனஹள்ளியில் 12 நாள் புத்தாக்கப் பயிற்சி

60 வயது நிறைந்த நாளில் மும்பையிலிருந்து பெங்களூருக்கு என் கடைசி விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வீடு திரும்பிய நான், 13 மாதங்கள் கழித்து ஒப்பந்த அடிப்படையில் மறுபடியும் அழைக்கப்பட்டேன். அழைப்பு வந்தவுடன் காக்பிட்டில், கேப்டனுக்குரிய இடப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்துவிட முடியாது. கடந்த 90 நாட்களுக்குள் 3 டேக்ஆஃபும் 3 லேண்டிங்கும் செய்யாத விமானி பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது. இடைவெளி அதற்கு மேலும் நீண்டுவிட்டால் சிமுலேட்டரில் முறையான புத்தாக்கப் பயிற்சியும் அதன் முடிவில் ஒரு தேர்வும் வேண்டும். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் சற்று அருகில் உள்ள ஒரு மையத்தில் அந்தப் பயிற்சியை 12 நாட்களில் முடித்தேன். அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போவது, எதை எதிர்பார்ப்பது என்று கேட்கும் சக விமானிகளுக்காக இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்த மையங்களில் இப்போது நரைத்த தலைகள் அதிகம் தென்படக் காரணம் உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, இரு விமானிகள் ஓட்டும் வணிக விமானங்களுக்கான வயது வரம்பை 2006 நவம்பரில் 60-லிருந்து 65 ஆக உயர்த்தியது. நம் நாட்டின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவும் 65 வரை அனுமதிக்கிறது. ஆனாலும் சட்டம் அனுமதித்த வயதும் நிறுவனம் வீட்டுக்கு அனுப்பும் வயதும் ஒன்றாக இருந்ததில்லை. ஏர் இந்தியா தன் விமானிகளின் ஓய்வு வயதை 58-லிருந்து 65 ஆக்கியதே 2025 ஆகஸ்டில்தான். அதே ஆண்டு ஜூலை முதல் விமானிகளுக்கான வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது; நவம்பர் முதல் இரவு லேண்டிங்குகளுக்கான கட்டுப்பாடும் இறுகியது. களைப்போடு விமானம் ஓட்டக் கூடாது என்பதற்காக வந்த இந்த விதிகளை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதே விமானங்களை ஓட்டுவதற்கு இனி அதிகம் பேர் வேண்டும், கேப்டனை ஒரு மாதத்தில் உருவாக்கிவிட முடியாது. ஆகவே ஓய்வுபெற்றவர்களைத் தேடுகிறார்கள்.

பயிற்சியின் முதல் 5 நாட்கள் வகுப்பறை, அடுத்து நான்கு நான்கு மணி நேரமாக 6 சிமுலேட்டர் அமர்வுகள், கடைசி நாள் தேர்வு. வகுப்பறைப் பாடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணினியில் நாமே படித்துக்கொள்ளக்கூடியவை. சிமுலேட்டர் அமர்வுகளும் அவற்றை நடத்திய பயிற்றுநரும்தான் இந்த மையத்துக்குப் போவதற்கான காரணம்.

முதல் அமர்விலேயே, இனி நிறுத்த முடியாது, எழும்பியே ஆக வேண்டும் என்கிற வி1 வேகத்தைத் தாண்டியதும் வலது என்ஜின் நின்றது. விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்புவதைக் கண் பார்த்துவிட்டது. மூக்கை நேராக்க இடது ரடர் மிதியை அழுத்த வேண்டும் என்பதும் மூளைக்குத் தெரிந்துவிட்டது. கால் மட்டும் ஒரு கணம் தாமதித்தது. அந்த ஒரு கணத்தில் ஏ320 ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு நன்றாகவே விலகிவிட்டது. பயிற்றுநர் திரையை அப்படியே நிறுத்திவிட்டு, என் பாத அழுத்தத்தின் வரைகோட்டைத் தன் டேப்லெட்டில் காட்டினார். "கேப்டன், உங்க கண்ணு ரிட்டயர் ஆகல, காலுக்குத்தான் லீவு முடிஞ்சது இன்னும் தெரியல" என்றார். என்னைவிட 20 வயதுக்கு மேல் இளையவர். குத்திக்காட்டவுமில்லை, என் வயதுக்காகச் சலுகை தரவுமில்லை. அதே பயிற்சியை 7 முறை செய்யவைத்தார். 5-ஆவது முறையில் கால் தானாக எழுந்தது. 13 மாத இடைவெளி உடம்பின் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்துத் தரும் பயிற்றுநர் கிடைப்பது அரிது.

ஆனால் அந்த முதல் அமர்வு தொடங்கிய நேரம் நள்ளிரவு 2 மணி. உடற்கடிகாரம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் அதிகாலை 2 முதல் 6 வரை என்று எங்கள் துறையின் களைப்பு விதிகளே கணக்கிடுகின்றன. அந்த நேரத்தில்தான் 60 கடந்தவர்களுக்கு ஸ்லாட் கொடுக்கிறார்கள். பகல் ஸ்லாட்டுகள் பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக முன்பதிவாகிவிடுகின்றன என்று வரவேற்பில் விளக்கம் சொன்னார்கள். இயந்திரம் 24 மணி நேரமும் ஓடினால்தான் மையத்துக்குக் கட்டுப்படியாகும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவரின் முதல் 2 அமர்வுகளையாவது பகலில் வைக்க முடியாதா? மூன்று முறை எழுதிக் கேட்டும் ஒரே பதில்தான் வந்தது.

இந்த மையம் மிகச் சிறப்பாகச் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வயதானவர்களை மறுபடியும் எடுப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், பறக்கும்போது திடீரென்று உடல் செயலிழந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். அதனால்தான் 60-க்கு மேல் மருத்துவத் தகுதிச் சான்று 6 மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகிறது; அதனால்தான் 2014 நவம்பர் வரை, 60 கடந்த ஒருவர் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவர் 60-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று ஐகாவோ வைத்திருந்தது. இந்த அச்சத்தைப் பேச்சோடு விடாமல் நான்காம் அமர்வில் செய்தே காட்டினார்கள். தரையிறங்கும்போது நான் செயலிழந்ததாக நடிக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்தவர் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, வயது 34, கமாண்டுக்காக, அதாவது கேப்டன் பதவிக்காகக் காத்திருப்பவர். வேகம் குறைவதைச் சொன்னார், நான் பேசவில்லை. இரண்டாம் முறை சொன்னார், பேசவில்லை. உடனே விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான தன் சைட்ஸ்டிக்கில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார். "ப்ரையாரிட்டி ரைட்" என்று விமானத்தின் குரல் அறிவித்தது. அந்தப் பொத்தானை 40 நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் என் பக்கத்து ஸ்டிக் முழுமையாகத் துண்டிக்கப்படும். 40 நொடிகள் எவ்வளவு நீளம் என்பதைத் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உணர்ந்தேன். அவர் கை நடுங்காமல், குரல் உயராமல் விமானத்தை இறக்கினார். வேறு எந்த மையத்திலும் இந்தப் பயிற்சியை இத்தனை நிதானமாக, முழுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

அமர்வு முடிந்து விடியற்காலையில் கேன்டீனில் காபி குடிக்கும்போது அவரே பேச்சைத் தொடங்கினார். அப்போது அங்கே திரும்பி வந்தவர்கள் மூன்று பேரும், கமாண்டுக்குத் தயாராகிறவர்கள் நான்கு பேரும் இருந்தோம்.

"சார், நீங்க திரும்பி வர்றதுல எங்களுக்கு வருத்தம் இல்ல. ஆனா நீங்க உட்கார்ற ஒவ்வொரு சீட்டுக்கும் கீழ ஒருத்தன் நிக்கிறான். ஆறு வருஷமா நிக்கிறேன் நான்" என்றார்.

மும்பையிலிருந்து வந்திருந்த இன்னொரு மூத்த கேப்டன், மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர், சற்றுக் கோபமாகவே பதில் சொன்னார்: "தம்பி, என்னை 58-ல அனுப்பினாங்க. என்னைவிட ரெண்டு வயசு சின்னவன் 65 வரைக்கும் ஓட்டலாம்னா, நான் செஞ்ச தப்பு என்ன?"

இருவர் சொன்னதும் நியாயம்தான். இதே சண்டை 18 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்து முடிந்தது. அங்கே 1960 முதல் இருந்த 60 வயது வரம்பை 2007 டிசம்பர் 13 அன்று கையெழுத்தான சட்டம் 65 ஆக உயர்த்தியது. முந்தைய நாள் 60-ஐ எட்டி வெளியேறியவர் வெளியேறியவர்தான். மறுநாள் எட்டியவருக்கு இன்னும் 5 ஆண்டுகள். ஏற்கெனவே 60-ஐக் கடந்தவர்களில், அன்றைய தேதியில் விமானக் குழுவில் பணியில் இருந்தவர் தொடரலாம். மூன்று பேர் அமரும் பழைய காக்பிட்டுகளில் ஃப்ளைட் என்ஜினியர் இருக்கைக்கு வயது வரம்பு இல்லாததால் அங்கே மாறிக்கொண்ட மூத்தவர்களுக்கு அது கதவு திறந்தது. மற்றவர்கள் திரும்பி வரலாம், ஆனால் புதிதாகச் சேர்பவராக மட்டுமே. பழைய சீனியாரிட்டியோ பணிக்காலப் பலனோ எதுவும் கூடவே வராது. 30 ஆண்டு அனுபவம் உள்ளவர் பட்டியலின் கடைசி எண்ணாக வர வேண்டும். இது கொடுமை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மறுபக்கம், பதவி உயர்வு நின்றுபோய், 2008-இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அடித்ததில் ஆண்டுக்கணக்காக வலப்பக்க இருக்கையிலேயே முடங்கியவர்கள் அங்கே ஏராளம்.

சீனியாரிட்டி எண் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு வெறும் வரிசை எண்ணாகத் தெரியலாம். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளிக்கு வீட்டில் இருப்போமா, எப்போது கமாண்ட் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த எண். அதை நான் கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அதைவிட ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: திரும்பி வருகிறவரைச் சாதாரண ரோஸ்டரில் போட்டு கொச்சிக்கும் கோவாவுக்கும் ஓட்டவிடுவது அவரை வீணாக்குவதாகும். புதிய கேப்டன்கள் வராமல் தடுப்பது பெரும்பாலும் பயிற்சி கேப்டன்களின் பற்றாக்குறைதான். எங்களைப் பயணிகள் விமானங்களிலேயே கற்றுத்தரும் லைன் ட்ரெயினிங்குக்கும் சிமுலேட்டர் பயிற்றுநர் இருக்கைக்கும் அனுப்பினால், திண்டுக்கல் தம்பியின் 6 ஆண்டுக் காத்திருப்பு எங்களால் நீளாமல் எங்களாலேயே குறையும். கேன்டீனில் இதைச் சொன்னபோது மாதுங்கா கேப்டன் உட்பட எல்லோரும் கொஞ்ச நேரம் மறுத்துப் பேசவில்லை.

இந்தப் பயிற்சியின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. கேன்டீனில் பேசப்பட்டதில் ஒரு வரிகூட வகுப்பறையில் பேசப்படவில்லை. குழு ஒத்துழைப்புக்கான பாடம் ஒரு முற்பகல் முழுவதும் நடந்தது. எங்கும் காட்டப்படும் அதே படங்கள், அதே பழைய விபத்துகள். நேற்றுவரை மூத்தவராக இருந்தவர் இன்று பட்டியலின் கடைசியில் வந்து அமரும் காக்பிட்டில் யார் யாரிடம் எப்படிப் பேசுவது என்பதைத் தொடவே இல்லை. ஐந்தாம் அமர்வில் திண்டுக்கல் தம்பி காற்றில் தடுமாறி இறக்கும்போது, பல ஆண்டுப் பழக்கத்தில் என் கை தானாக ஸ்டிக்குக்குப் போய், இருவரும் ஒரே நேரத்தில் ஸ்டிக்கை அசைக்கிறோம் என்று எச்சரிக்கும் "டூயல் இன்புட்" குரல் ஒலித்தது. இரு பக்கப் பச்சை விளக்குகளும் மின்னின. படிவத்தில் தொழில்நுட்பப் பிழை என்று குறித்துக்கொண்டதோடு சரி. அதுவரை அத்தனை கவனமாக இருந்த பயிற்றுநரும் அன்று அதை அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டும். நானாகவே தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், அடுத்த தடவ சொல்லிட்டு எடுங்க" என்றார்.

பயிற்றுநர் தகுதிக்கான புத்தாக்கமும் இதே 12 நாட்களில் சேருமா என்று கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை, தனிக் கட்டணம், தனித் தேதி என்றார்கள். கட்டணத்தை முதலில் நாமே கட்ட வேண்டும். பணியில் சேர்ந்த பிறகு நிறுவனம் திருப்பித் தருமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். நகருக்குள் அல்சூரிலிருந்து மையத்துக்கு நள்ளிரவில் 45 நிமிடத்தில் போய்விடலாம். காலை 7 மணிக்குத் திரும்பும்போது ஹெப்பாள் போக்குவரத்து நெரிசலில் நிற்பீர்கள், ஆகவே இரவு அமர்வு கிடைத்தால் அருகிலேயே ஒரு அறை எடுத்துக்கொள்வது நல்லது. சிமுலேட்டரின் பராமரிப்பில் குறை இல்லை. 6 அமர்வுகளில் ஒருமுறைகூட நடுவில் நின்றுபோகவில்லை.

கையும் காலும் திரும்பி வர வேண்டுமென்றால் தயங்காமல் இங்கே போகலாம். நான் தேர்வில் தேறினேன்; திண்டுக்கல்காரருக்கு அடுத்த மாதம் கமாண்ட் தேர்வு. 6 மாதம் கழித்து வரும் என் அடுத்த சோதனைக்கும் அதே பயிற்றுநரை, காலை 10 மணி ஸ்லாட்டைக் கேட்டு இப்போதே எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்திலேயே, திரும்பி வருகிறவர்களையும் காத்திருக்கிறவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு முற்பகல் வகுப்பு நடத்துங்கள், நான் சம்பளம் இல்லாமல் வந்து எடுக்கிறேன் என்றும் எழுதினேன். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.