ஓபன்ஸ்கேப்: 60 நாளா, 365 நாளா?

லினக்ஸ் சர்வரின் அமைப்புகள் ஒரு பாதுகாப்புத் தரநிலைக்கு உட்பட்டிருக்கின்றனவா என்று சோதித்துச் சொல்லும் இலவசக் கருவி ஓபன்ஸ்கேப். கடவுச்சொல் மாற்ற விதிகளை அது எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் பார்ப்பதற்காக, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஓடும் சோதனை சர்வர் ஒன்றில் அதை நிறுவினேன். நிறுவுவதில் சிரமம் ஏதுமில்லை. ஸ்கேனர் ஒரு பேக்கேஜ், விதித்தொகுப்பு இன்னொரு பேக்கேஜ்.

கடவுச்சொல்லின் ஆயுளை 90 நாள் என்று வைத்துவிட்டு இரண்டு புரொஃபைல்களில், அதாவது இரண்டு தரநிலைகளுக்கான விதிப்பட்டியல்களில், ஸ்கேன் செய்தேன். சிஐஎஸ் என்ற லாப நோக்கற்ற பாதுகாப்பு அமைப்பு வகுத்த, 365 நாள் வரை அனுமதிக்கும் புரொஃபைலில் அந்த விதி தேறியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதப்பட்ட ஸ்டிக் புரொஃபைலின் வரம்பு 60 நாள் என்பதால் அதே விதி அங்கே தோற்றது. ஆகவே, தணிக்கையாளர் "அறிக்கை எங்கே?" என்று கேட்டால், எந்தப் புரொஃபைலின் அறிக்கை என்று முதலில் திருப்பிக் கேட்பது நல்லது.

கருவியின் உண்மையான பலம் அதன் நுணுக்கத்தில் இருக்கிறது. கணக்குகளுக்கான இயல்பு அமைப்புகள் இருக்கும் லாகின்.டெஃப்ஸ் கோப்பில் எண்ணை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் எழுந்துவிடுகிறோம். ஆனால் அந்த எண் இனி உருவாக்கப்படும் கணக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ள கணக்குகளின் ஆயுள், கடவுச்சொல் விவரங்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பில் தனித்தனியாக, பெரும்பாலும் 99999 நாள், அதாவது 273 ஆண்டுகளுக்கு மேல், என்றே கிடக்கும். ஓபன்ஸ்கேப் இவ்விரண்டையும் இரு வேறு விதிகளாகச் சோதித்து, விடுபட்ட கணக்குகளைப் பிடித்துவிடுகிறது.

தானாகத் திருத்தும் வசதியைத்தான் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். ஸ்டிக் புரொஃபைலில் அதை அவசரப்பட்டு இயக்கினேன். பழைய கணக்குகள் அனைத்துக்கும் 60 நாள் வரம்பு விதிக்கப்பட்டதில், ஓராண்டாகக் கடவுச்சொல் மாறாத ஒரு சேவைக் கணக்கு (ஆட்களுக்கல்லாமல் நிரல்களுக்கான கணக்கு) அந்தக் கணமே காலாவதியானது. அன்றிரவு அதன் பெயரில் ஓட வேண்டிய க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) எதுவும் ஓடவில்லை. பதிவேட்டில் 'அங்கீகார டோக்கன் செல்லாது, புதியது தேவை' என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருந்தது. திருத்தியதைத் தானாக மீட்கும் வழியும் கிடையாது. தவறு என்னுடையதுதான், ஆயினும் இப்போதெல்லாம் திருத்த ஸ்கிரிப்டைத் தனியே எடுத்து, வரிவரியாகப் படித்த பிறகே இயக்குகிறேன்.

எந்தக் கடவுச்சொல்லும் என்றாவது உடைபடும், எனவே அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதே இவ்விதிக்கு அறிக்கை தரும் காரணம். இந்த வாதம் பழையதாகிவிட்டது. பழைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததை ஊகிப்பது எவ்வளவு எளிது என்பதை வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இலேயே காட்டினார்கள். கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டிப் போடும் நம் அலுவலகப் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பிருக்காது. காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்ததற்கான சான்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் பரிந்துரைத்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பரிந்துரையைத் தடையாகவே ஆக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டும் 2019-இல் விண்டோஸ் 10-இன் அடிப்படைப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து காலாவதி விதியை நீக்கியது.

இதற்காக ஓபன்ஸ்கேப்பைக் குறை சொல்ல முடியாது. எழுதிக்கொடுத்த விதியைச் சோதிப்பதே அதன் வேலை. விதியின் எண்ணை மாற்றி, மாற்றத்தைத் தனிக் கோப்பாகச் சேமிக்கும் வசதியும் அதில் உண்டு. ஸ்டிக் கட்டாயமில்லாத இடங்களில் நான் சிஐஎஸ் புரொஃபைலை எடுத்து, 365 நாளை அப்படியே விட்டு, அது கேட்கும் 14 எழுத்துக் குறைந்தபட்ச நீளத்தை மட்டும் 15 ஆக உயர்த்திப் பயன்படுத்துகிறேன்.