ஷெஃபீல்ட் எஃப்சி மேட்ச் டே: 4/5, ஆனா ஃபுட்பாலுக்காக இல்ல

முதல்லயே சொல்லிடறேன், நல்ல ஃபுட்பால் பாக்கணும்னா வீட்லயே டிவி போட்டு உக்காருங்க, இங்க போகாதீங்க. இங்கிலாந்து லீக் வரிசையில எட்டாவது படில ஆடற டீம், பந்து பாதி நேரம் தரையிலயே இருக்காது. ஆனா 1857 அக்டோபர் 24ல ஆரம்பிச்ச கிளப்புங்க இது, உலகத்துல இன்னைக்கும் ஆடிட்டு இருக்கற ஃபுட்பால் கிளப்லயே மூத்தது, இவங்க ஆரம்பிச்சு ஆறு வருஷம் கழிச்சுதான் லண்டன்ல இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்ஏவே பொறந்துச்சு. அதுக்காகத்தான் போனேன். ஒரு சினிமா டிக்கெட் காசுதான் ஆச்சு, கொடுத்த காசுக்கு வருத்தமே இல்ல.

போற வழி. பேர்தான் ஷெஃபீல்ட், கிரவுண்ட் இருக்கறது ட்ரான்ஃபீல்டுல, அது டார்பிஷயர் கவுண்டி. ஊர் பேரை வச்சுக்கிட்டு ஊருக்கு வெளிய ஆடறாங்க. இவங்களுக்குன்னு சொந்தமா கிரவுண்ட் அமைஞ்சதே 2001லதான், அதுக்கு முன்னாடி 144 வருஷம் வாடகை வீட்டுக்காரங்க மாதிரி ஒவ்வொரு இடமா மாறிட்டே இருந்திருக்காங்க. ஷெஃபீல்ட் ஸ்டேஷன்லேர்ந்து ட்ரெயின் ஏறினா சட்டுனு வந்துடுது, அங்கேர்ந்து நடந்தே போய்டலாம். நான் புத்திசாலித்தனமா ஒரு ஆப்ல டாக்ஸி புக் பண்ணேன், ரெண்டு தடவை கேன்சல் ஆச்சு, பேரெல்லாம் வேணாம், கடைசில நடந்தேதான் போனேன்.

கிரவுண்ட ஒட்டியே கோச் அண்ட் ஹார்சஸ்னு ஒரு பப் இருக்கு, ரோட்லேர்ந்து பாத்தா பப்தான் தெரியும், அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு சரித்திரம் இருக்குன்னு சொன்னாதான் தெரியும். நான் குடிக்கறதில்ல, சூடா ஒரு பை (pie, மாவுக்குள்ள பூரணம் வச்சு சுட்டது) வாங்கினேன், கூட மசிச்ச பச்சைப் பட்டாணி. அதுல ஊத்திக்க ஆரஞ்சு லேபிள் ஒட்டின ஒரு பாட்டில குடுத்தாங்க, ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ், ஷெஃபீல்ட்காரங்களுக்கு இது நமக்கு ஊறுகாய் மாதிரி, இல்லாம சாப்பாடு இறங்காது. ஒரு சொட்டு நாக்குல பட்டதும் எங்கயோ தெரிஞ்ச ருசியா இருக்கேன்னு லேபிள திருப்பிப் பாத்தா புளி, கிராம்பு, பூண்டு எண்ணெய்! நம்ம புளி. டார்பிஷயர் குளிர்ல நின்னுக்கிட்டு இதப் படிச்சதும் வந்த சந்தோஷம் இருக்கே, ரெண்டு பாட்டில் வாங்கிட்டேன்.

சரி கதைக்கு வரேன். கிளப்ப ஆரம்பிச்ச ரெண்டு பேர் நத்தானியல் கிரெஸ்விக், வில்லியம் ப்ரெஸ்ட், ரெண்டு பேருமே கிரிக்கெட் கோஷ்டி. குளிர்காலத்துல கிரிக்கெட் ஆட முடியாது, உடம்பு சும்மா இருக்கக்கூடாதுன்னு பந்த உதைக்க ஆரம்பிச்சிருக்காங்க. முதல் ஆபீஸ் ஒரு கிரீன்ஹவுஸ், செடி வளக்கற கண்ணாடிக் கொட்டகை. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எதிர்த்து ஆட வேற கிளப்பே இல்ல, அதனால கல்யாணமானவங்க ஒரு டீம், ஆகாதவங்க ஒரு டீம்னு பிரிச்சு ஆடியிருக்காங்க. பொங்கலுக்கு எங்க தெருவுல நடக்கற அதே மேட்ச்! ரூல்ஸும் அப்படித்தான், நாம ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டு, சுவத்துல பட்டா ரெண்டு ரன்னுன்னு நம்ம வசதிக்கு வச்சுக்கற மாதிரி இவங்களும் 1858ல உக்காந்து எழுதியிருக்காங்க. பந்து மேல வந்தா கையால கேட்ச் பிடிக்கலாம், ஆள கையால தள்ளலாம், ஆனா கால்ல உதைக்கக்கூடாது, தடுக்கி விடக்கூடாது. என்ன ஒண்ணு, நம்ம தெரு ரூல் தெருவோட போச்சு, இவங்க ஊர்ல ஆடின கார்னர் கிக்க 1872ல எஃப்ஏவே எடுத்துக்கிச்சு. 1866ல லண்டன் போய் ஆடினப்ப இவங்க பந்த தலையால முட்டறதப் பாத்து அங்க இருந்தவங்க சிரிச்சாங்களாம், அப்புறம் யார் சிரிச்சான்னு நமக்குத் தெரியும்.

1860ல பக்கத்துல ஹாலம்னு இன்னொரு கிளப் வந்ததும்தான் இவங்களுக்கு எதிரின்னு ஒருத்தர் கிடைச்சாங்க. அந்த வருஷம் டிசம்பர் 26, சாண்டிகேட் மைதானம், ஷெஃபீல்ட் 2-0ன்னு ஜெயிச்சுது, உலகத்துல ரெண்டு கிளப் மோதின முதல் மேட்ச் அது. ஹாலம் இன்னைக்கும் அதே சாண்டிகேட்லதான் ஆடறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஷெஃபீல்ட் ப்ராமல் லேன் மைதானத்துல இன்னொரு மேட்ச், பருத்தி வராம வேலையில்லாம கஷ்டப்பட்ட லங்காஷயர் நெசவுத் தொழிலாளிங்களுக்கு நிதி திரட்ட, நல்ல காரியம்தான், ஆனா நடுவுல நம்ம கிரெஸ்விக்குக்கும் ஹாலம் ஆள் வாட்டர்ஃபாலுக்கும் தள்ளுமுள்ளு ஆகி, வாட்டர்ஃபால் வெயிஸ்ட்கோட்ட கழட்டி வீசிட்டு சண்டைக்கு நின்னிருக்கார். தர்ம மேட்ச்ல! கடைசில 0-0.

இவ்ளோ பெரிய கிளப் ஏன் இன்னைக்கு எட்டாவது படில இருக்குங்கறதுதான் என்னை யோசிக்க வச்சுது. காரணம் சிம்பிள், ஆடறதுக்குக் காசு குடுக்க மாட்டோம்னு நின்னுட்டாங்க. 1885ல சம்பளம் குடுக்கலாம்னு எஃப்ஏ ஒத்துக்கிச்சு, 1887ல அதே ஊர் வெட்னஸ்டே கிளப் சம்பளத்துக்கு மாறிடுச்சு, 1889ல ஷெஃபீல்ட் யுனைடெட் வந்துச்சு, கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போய்டுச்சு. இவங்க அமெச்சூராவே இருந்தாங்க. 1904ல அமெச்சூர் கப் ஃபைனல்ல ஈலிங்க 3-1ன்னு ஜெயிச்சாங்க, 1977ல சின்ன கிளப்புகளுக்கான எஃப்ஏ வாஸ் கப் ஃபைனலுக்கு வெம்ப்ளி வரைக்கும் போய் ரீப்ளேல, அதாவது மறுபடி வச்ச மேட்ச்ல, பில்லரிக்கி கிளப்கிட்ட தோத்தாங்க, பெருமையா சொல்லிக்க அவ்ளோதான். இப்ப ஆடறவங்களுக்குக் கொஞ்சம் காசு உண்டு, ஆனா முழுநேர வேலை இது இல்ல. 2004ல ஃபிஃபா ஆர்டர் ஆஃப் மெரிட் குடுத்துச்சு, அந்த மரியாதை கிடைச்ச இன்னொரு கிளப் ரியல் மாட்ரிட். நினைச்சுப் பாருங்க, ஒரே மெடல், அவங்களுக்கு பெர்னபியூன்னு பிரம்மாண்ட ஸ்டேடியம், இவங்களுக்கு பப்புக்குப் பின்னாடி மைதானம்.

2011ல கையால எழுதின அந்த 1858 ரூல்ஸையும் அச்சுல வந்த ரூல் புக்கையும் சோத்பீஸ்ங்கற ஏல கம்பெனில ஏலம் விட்டுட்டாங்க, 8,81,250 பவுண்டு. கிளப்ப வளக்க பணம் வேணும்னு, பாட்டியோட காசுமாலைய வித்து வீடு கட்டற மாதிரி. தப்பா சரியான்னு ஃப்ரெண்ட்கிட்ட பெரிய சண்டையே போட்டேன், அவன் தப்புங்கறான், நான் ஆடற கிளப்புக்கு கிரவுண்டுதான் முக்கியம்ங்கறேன்.

மேட்ச் பாத்த அனுபவம்? கம்பிய பிடிச்சுக்கிட்டு நின்னீங்கன்னா விங்கர் மூச்சு வாங்கறது கேக்கும். கோல்கீப்பர் டிஃபெண்டர திட்டறது அட்சரம் பிசகாம கேக்கும், குழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்க பாத்துக்கோங்க. பக்கத்துல ஃப்ளாஸ்க்கோட நின்ன தாத்தா லைன்ஸ்மேன ஒவ்வொரு த்ரோவுக்கும் பேர் வச்சுக் கிண்டல் பண்ணார், லைன்ஸ்மேன் திரும்பிப் பாத்து சிரிச்சுட்டு வேலையப் பாத்தார். அந்தத் தாத்தா என்னை "லவ்"ன்னு கூப்ட்டதும் ஒரு செகண்ட் முழிச்சேன், அந்தப் பக்கம் ஆம்பளைக்கு ஆம்பளையும் அப்படித்தான் கூப்டுவாங்களாம், நம்ம "தம்பி" மாதிரி. பாதி நேரத்துல டீ வாங்கிக் குடுத்தார்.

ஒரு ஸ்டார் கட் பண்ணது மழைக்கு, கிளப் என்ன பண்ணும் பாவம். கம்பிகிட்ட நிக்கணும்னா மேல கூரை இல்லாத பக்கம்தான் நல்லா தெரியுது, அதனால தொப்பி வச்ச ஜாக்கெட் எடுத்துக்கோங்க, கேன்வாஸ் ஷூ வேணாம், என்னோடது ரெண்டு நாள் காயல. அடுத்து சாண்டிகேட் போறேன், அங்க மைதானமே ஒரு பக்கம் சரிவா இருக்குமாம், பாத்துட்டு எழுதறேன்.